படத்துக்குக் கீழே தண்ணீர்: வலைப்பக்கத்தில் நீர்ப் பிரதிபலிப்பைக் கொண்டுவர எந்த வழி?

மேலே ஒரு படம், கீழே அதே படம் தலைகீழாக, லேசாக அலையடித்தபடி. இரண்டையும் சேர்த்து ஒரு சட்டம். கோயில் குளப் படங்கள் போடுபவர், ஏரிக்கரை விடுதிக்குத் தளம் செய்பவர், தன் புகைப்படங்களுக்கு ஒரு முகப்பு வேண்டும் என்பவர் என்று பலரும் இதைக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் முன்கூட்டியே தேடிப் பார்த்துக் குழம்பிப்போய்த்தான் வருகிறார்கள். ஒரு காணொளி ‘ஒரே வரி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) போதும்’ என்கிறது. இன்னொன்று, உலாவிக்குள் வரைகலைச் சில்லைக் கொண்டு வரையும் வெப்ஜிஎல்லைக் கற்றுக்கொள் என்கிறது. மூன்றாவது, ஃபோட்டோஷாப்பில் முடித்துவிடு என்கிறது. மூன்றும் பொய்யில்லை. ஆனால் மூன்றும் வேறு வேறு ஆட்களுக்கான பதில்.

இந்த ஆசை பழையது. 1990களின் பிற்பாதியில் ‘லேக்’ என்ற ஜாவா ஆப்லெட் (உலாவியின் செருகுநிரல் மூலம் பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்) சொந்தப் பக்கங்களில் எங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு படத்தைக் கொடுத்தால் அதன் கீழே ஏரி விரியும். அப்புறம் ஃபிளாஷ் வந்தது. 2015 செப்டம்பரில் குரோம் 45ஆம் பதிப்பு ஜாவா போன்ற பழைய செருகுநிரல்களுக்குக் கதவை மூடியது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52 ஃபிளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷும் முடிந்தது. அந்த ஏரிகள் இருந்த இடத்தில் இன்று வெறும் சாம்பல் கட்டம். எந்த வழியை எடுத்தாலும் ஐந்து வருடம் கழித்து அது என்ன ஆகும் என்று ஒருமுறை யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

## முதலில் எதைப் பார்த்து முடிவு செய்வது

சட்டம் எங்கே வருகிறது? இதை யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. படத்தை மட்டும் சுற்றிச் சட்டம் போட்டு, அந்தச் சட்டமும் சேர்ந்து கீழே தெரிந்தால் அது தண்ணீர் இல்லை, பளபளக்கும் தரை. 2006இல் ஐடியூன்ஸில் வந்த கவர் ஃப்ளோ காட்சி அப்படித்தான் இருந்தது, பிறகு உலகமே அதைப் போட்டுத் தேய்த்தது. தண்ணீர் என்று தோன்ற வேண்டுமானால் படமும் நிழலும் (பிரதிபலிப்பை இனி இப்படியே சொல்கிறேன்) ஒரே காட்சியாக ஒரே சட்டத்துக்குள் இருக்க வேண்டும். சட்டம் நிழலில் தெரியக் கூடாது. இது தெளிவானாலே பாதி வழிகள் தானாகக் கழிந்துவிடும்.

அசைய வேண்டுமா? அசையாத அலை என்றும் ஒன்று உண்டு. நிழல் கொஞ்சம் நெளிந்து, நின்றபடி இருக்கும். பார்ப்பவர் கண் அதைத் தண்ணீர் என்றே ஏற்றுக்கொள்ளும். எத்தனையோ புகைப்படங்களில் தண்ணீர் நிற்கத்தானே செய்கிறது? அசைவு வேண்டும் என்று முடிவெடுத்தால் அதோடு ஒரு பொறுப்பும் வருகிறது. வலை அணுகல் விதிகளின்படி, தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஓடும் அசைவை நிறுத்த ஒரு வழி தர வேண்டும். அது அடிப்படை நிலை விதி. தலைசுற்றல் உள்ளவர்கள் கைபேசியிலேயே ‘அசைவைக் குறை’ என்று அமைத்திருப்பார்கள், அதையும் மதிக்க வேண்டும்.

தளத்தில் உங்கள் கை எவ்வளவு தூரம் போகும்? பிளாக்கரில் வார்ப்புரு வரை திருத்தலாம். வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் ஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஓடும் சிறு நிரல்) போட்டால் கழற்றி எறிந்துவிடும். சொந்தமாக நிறுவிய வேர்ட்பிரஸில்கூட, நிர்வாகி, எடிட்டர் நிலைகளில் இல்லாதவர் பதிவுக்குள் எழுதும் எஸ்விஜி (வடிவங்களையும் வடிகட்டிகளையும் எழுத்தாலேயே விவரிக்கும் மொழி) குறியீடு சேமித்ததும் காணாமல் போகும். மின்னஞ்சல் மடலில் படத்தைத் தவிர எதுவும் நிற்காது.

ஃபோன் தாங்குமா? உங்கள் மடிக்கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடுவது, மூன்று வருடப் பழைய ஆண்ட்ராய்டில் உருட்டும்போது தட்டுத்தடுமாறும். பார்ப்பவர்களில் பலர் அந்த மாதிரி ஆண்ட்ராய்டில்தான் இருக்கிறார்கள்.

இவற்றோடு இன்னொன்று: படம் அடிக்கடி மாறுமா? மாதம் ஒரு படமா, ஒரே பக்கத்தில் நாற்பது படமா என்பதைப் பொறுத்துக் கையால் செய்யும் வழி லாபமா நஷ்டமா என்பது தலைகீழாகும்.

தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அது கூடிக்கொண்டே போய், மிகச் சாய்வான பார்வையில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதனால் தூரத்துக் கரை ஓரத்தில் நிழல் பளிச்சென்றும், நம் காலடிக்கு வர வர மங்கலாகவும், அடியில் உள்ள தண்ணீரின் நிறம் தூக்கலாகவும் இருக்கும். கீழே போகப் போக நிழலை மங்கவிடுவது வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம், தண்ணீரே அப்படித்தான். அலைகளும் அதேபோல. கரை ஓரத்தில் நெருக்கமாகச் சின்னதாக, நம் பக்கம் வர வர அகலமாக.

## வழி 1: படத்திலேயே செய்து வைத்துவிடுவது

ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ படத்தின் உயரத்தை நீட்டி, நகலைச் செங்குத்தாகப் புரட்டி, ‘ரிப்பிள்’ வடிகட்டியைப் போட்டு, அதன்மேல் கீழ்நோக்கிக் கூடும் ஒரு மங்கல், சுற்றிலும் சட்டம். சேமித்து ஏற்றினால் முடிந்தது. கட்டளை எழுதிப் படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக் தெரிந்தவர் நூறு படத்தையும் ஒரே கட்டளையில் புரட்டிவிடலாம்.

இதை ‘பழைய காலத்து வேலை’ என்று ஒதுக்குவார்கள். ஆனால் மேலே சொன்ன அளவுகோல்களில் பெரும்பாலானவற்றை இது ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறது. எந்தத் தளத்திலும் நிற்கும், மின்னஞ்சலிலும் நிற்கும், இருபது வருடம் கழித்தும் தெரியும். வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிர்ந்தால் முன்னோட்டத்தில் நிழலோடு வரும். மற்ற எல்லா வழிகளிலும் முன்னோட்டத்தில் வெறும் மூலப்படம்தான் வரும், பலருக்கு இது பகிர்ந்த பிறகுதான் தெரிகிறது.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். சட்டத்தின் நிறம் பிடிக்கவில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தோன்றினால் எல்லாப் படங்களையும் மறுபடி செய்ய வேண்டும். இருள் தோற்றத்துக்குத் தளம் மாறும்போது வெள்ளைச் சட்டம் மட்டும் கண்ணைக் குத்தும். அடுக்குகளோடு உள்ள மூலக் கோப்பைத் தொலைத்துவிட்டால் புகைப்படத்தைத் தேடி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எனவே மூலப்படத்தைத் தனி அடைவில் வையுங்கள், ஏற்றுவது எப்போதும் பிரதியாக இருக்கட்டும்.

## வழி 2: பாக்ஸ்-ரிஃப்ளெக்ட், அந்த ‘ஒரே வரி’

2008இல் வெப்கிட் (சஃபாரி உலாவியின் இயந்திரம்) கொண்டுவந்த சிஎஸ்எஸ் பண்பு இது. முன்னால் வெப்கிட் ஒட்டு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் இது தரமாக ஏற்கப்படவே இல்லை. குரோம், சஃபாரி, இப்போதைய எட்ஜ் மூன்றிலும் வேலை செய்யும். ஃபயர்ஃபாக்ஸில் செய்யாது. செய்யாத இடத்தில் எதுவும் உடையாது, நிழல் மட்டும் இருக்காது. அந்த அளவில் நல்லது.

தண்ணீருக்கு இது ஒத்துவராது என்பதற்கு இரண்டு காரணம். நிழலுக்கு மட்டும் தனியாக அலையோ நிறமோ போட முடியாது. வடிகட்டி போட்டால் படமும் சேர்ந்து நெளியும். இரண்டாவது, சட்டம். படத்துக்குப் போட்ட கரை நிழலிலும் அப்படியே வரும், அதாவது பளபளத் தரை. அதோடு இந்த நிழல் பக்க அமைப்பில் இடம் எடுத்துக்கொள்ளாது. அடுத்த பத்தி நிழலின்மேல் ஏறி உட்காரும், நீங்கள்தான் கீழே இடைவெளி விட வேண்டும்.

புத்தக அட்டைகள், ஆல்பம் அட்டைகள், பொருள் படங்கள் வரிசையாக நிற்கும் பக்கத்துக்கு இது அருமை. குளத்துக்கு வேண்டாம்.

## வழி 3: புரட்டிய நகல், வெறும் சிஎஸ்எஸ்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுவும் அடுத்ததும் சேர்ந்த கலவைதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

ஒரு ‘ஃபிகர்’ பெட்டி, அதற்குக் கரை போட்டால் அதுதான் சட்டம். உள்ளே மேல்பாதியில் படம். அதன் கீழே ஒரு ‘தண்ணீர்ப் பெட்டி’, உயரம் படத்தில் பாதி, வழிவதை மறைக்கச் சொல்லி. அதற்குள் அதே படம், செங்குத்தளவு -1 என்று புரட்டி. படத்தை நசுக்கிப் பாதி உயரத்துக்குள் திணிக்க வேண்டாம், வெட்டுங்கள். கரையை ஒட்டிய பகுதி முழு உயரத்தில் தெரிந்து, கீழே சட்டம் அதை அறுத்தால்தான் தண்ணீர் இன்னும் நம் பக்கம் நீண்டு வருவதாகத் தோன்றும்.

மங்கலுக்கு மாஸ்க், அதாவது எந்தப் பகுதி எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் மறைப்பு. இங்கேதான் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். உலாவி முதலில் வடிகட்டியைப் போடும், பிறகு மாஸ்க், அதன் பிறகுதான் புரட்டும். எனவே புரட்டிய படத்தின்மேலேயே மாஸ்க் எழுதினால் அதுவும் சேர்ந்து புரண்டுவிடும். கரை ஓரம் மங்கி, அடிப்பகுதி பளிச்சென்று, எல்லாம் தலைகீழ். மாஸ்க்கைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் புரட்டாத ஓர் உறையின்மேல் எழுதினால் இந்தக் குழப்பம் வராது: மேலே தெளிவு, கீழே மங்கல், நாம் நினைக்கும் திசையிலேயே.

மங்கி எதில் கரைகிறது என்பது அடுத்தது. மாதிரிகளில் எல்லாம் நிழல் வெள்ளைப் பக்கத்தில் கரையும், பார்க்க மூடுபனி மாதிரி இருக்கும். தண்ணீர்ப் பெட்டியின் பின்னணிக்கு அடர்ந்த பச்சை கலந்த நீலமோ, நம் ஊர்க் குளம் என்றால் பாசிப் பச்சையோ கொடுங்கள். நிழல் அந்த நிறத்துக்குள் இறங்கும். ஒரே ஒரு வரிதான், ஆனால் மொத்தத் தோற்றத்தையும் மாற்றிவிடும்.

அப்புறம் அந்தச் சின்ன வெள்ளைக் கோடு. படத்துக்கும் நிழலுக்கும் நடுவே சில பிக்சல் இடைவெளி விழும். படம் என்பது எழுத்து வரிசையில் நிற்கும் பொருளாக உலாவி கணக்கிடுவதால், எழுத்தின் கால்கள் தொங்குவதற்கு அடியில் இடம் விடுகிறது. படத்தின் ‘டிஸ்பிளே’யை ‘பிளாக்’ என்று மாற்றினால் கோடு போய்விடும். இல்லையென்றால் மண்டபம் தண்ணீருக்கு மேலே மிதப்பது போல இருக்கும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், இரண்டு படக் குறிகள் இருந்தாலும் முகவரி ஒன்றேயானால் இறக்கம் ஒருமுறைதான். ஆனால் திரைக்கு ஏற்றபடி பல அளவுப் படங்கள் கொடுத்திருந்தால், இரண்டு இடத்திலும் அளவுக் குறிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் உலாவி நிழலுக்கென்று வேறொரு கோப்பை எடுக்கப் போகும். நிழல் படத்தின் மாற்று உரையைக் காலியாக விடுங்கள். மறந்தால் திரைவாசிப்பான் ‘மண்டபம்’ ‘மண்டபம்’ என்று இரண்டுமுறை படிக்கும்.

இதில் அலை இல்லை. காற்றில்லாத விடியற்காலைத் தண்ணீர். பல படங்களுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

## வழி 4: அதன்மேல் எஸ்விஜி வடிகட்டி

அலை வேண்டுமா, வழி 3இல் உள்ள நிழல் படத்துக்கு மட்டும் ஓர் எஸ்விஜி வடிகட்டியைச் சேர்க்கலாம். இரண்டு துண்டு. ஒன்று ‘டர்புலன்ஸ்’, ஒழுங்கற்ற ஒரு புள்ளிக்கோலத்தை உண்டாக்கும். மற்றது ‘டிஸ்பிளேஸ்மென்ட் மேப்’, அந்தக் கோலத்தின் நிற அளவைப் பார்த்துப் படத்தின் பிக்சல்களை இடம் நகர்த்தும். 2003இல் வந்த எஸ்விஜி 1.1 தரத்திலேயே இரண்டும் உண்டு.

தண்ணீராக்குவது அதிர்வெண்ணில் இருக்கிறது. அதற்கு இரண்டு எண் கொடுக்கலாம்: கிடைமட்டத்துக்கு 0.008, செங்குத்துக்கு 0.09 என்று தொடங்கிப் பாருங்கள். முதல் எண் சின்னதாக இருப்பதால் அலை பக்கவாட்டில் நீளமாகவும், இரண்டாவது பெரிதாக இருப்பதால் மேலும் கீழும் நெருக்கமாகவும் வரும். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் புகைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும். வகையை ‘ஃபிராக்டல் நாய்ஸ்’ என்று வையுங்கள். நகர்த்தும் கணக்கு நிற அளவிலிருந்து பாதியைக் கழிக்கிறது. ஃபிராக்டல் நாய்ஸின் சராசரி பாதியில் நிற்பதால் படம் இருந்த இடத்திலேயே நெளியும். இயல்பு வகையை விட்டுவைத்தால் மொத்தப் படமும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

அளவு 18 கொடுத்தால் எந்தப் பிக்சலும் எந்தப் பக்கமும் 9க்கு மேல் நகராது. ஓரங்கள் அந்த அளவுக்குப் பிய்ந்து தெரியும். பக்கவாட்டில் சட்டத்தின் உள்ளோரத்தில் போடும் கருநிழல் அதை மூடிவிடும். கரையில் மூட, தண்ணீர்ப் பெட்டியை அதே அளவு மேலே இழுத்து மூலப்படத்துக்குப் பின்னால் செருகுங்கள். சட்டம் இருப்பதன் உண்மையான பயன் இது, குறைகளை விழுங்கிவிடும்.

அசையாத அலைக்கு இதுவரை சொன்னதே போதும். உலாவி ஒருமுறை வரைந்துவிட்டு ஓய்ந்துவிடும், ஃபோனுக்குச் சுமையில்லை. நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த நிலையைத்தான்.

அசைய வைக்கப் போனால் கதை மாறும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பெரும்பாலும் அதிர்வெண்ணையே அசைக்கின்றன. ஒவ்வொரு முறையும் கோலத்தை முதலிலிருந்து கணக்கிட வேண்டியிருப்பதால் இதுதான் மிகக் கனமான வழி. அதோடு அலை ஓடுவதுபோலத் தெரியாது, ரப்பர் மாதிரி இழுபடும். கோலத்தைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றினால் இன்னும் மோசம், ஒவ்வொரு படியிலும் வேறு தண்ணீர். ஓரளவு நல்ல வழி, கோலத்தை அப்படியே விட்டுவிட்டு நடுவில் ஒரு ‘கலர் மேட்ரிக்ஸ்’ வைத்து அதன் நிறச் சாயலை 0 முதல் 360 பாகை வரை சுழற்றுவது. 360உம் 0உம் ஒன்றே என்பதால் சுழற்சி எங்கே முடிந்தது என்று தெரியாது. அப்போதும் பழைய ஃபோனில் ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்குமேல் வைக்காதீர்கள்.

எஸ்விஜிக்குள் எழுதும் அசைவு, ‘அசைவைக் குறை’ அமைப்பைத் தானாக மதிக்காது. இதற்கு ஸ்கிரிப்ட் இல்லாத ஒரு சுருக்குவழி: அசையும் வடிகட்டி ஒன்று, அசையாதது ஒன்று என இரண்டு எழுதி, அந்த அமைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சிஎஸ்எஸ் மீடியா குவரிக்குள் அசையாத வடிகட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இந்த வழியின் பெரிய குறை, தூரம் தெரியாது. கரை ஓரத்திலும் காலடியிலும் ஒரே அலை. மாஸ்க் கீழ்ப்பகுதியை மங்கவைத்துவிடுவதால் சின்னப் படத்தில் பிடிபடாது, முழுத்திரைப் படத்தில் பிடிபடும். இன்னொன்று, அதிர்வெண் பிக்சல் கணக்கில் வேலை செய்கிறது. பெரிய படத்துக்குச் சரியாக அமைத்த அலை, சிறுபடத்தில் கடல் கொந்தளிப்பாகத் தெரியும். இரண்டுக்கும் வெவ்வேறு எண் தேவை.

## வழி 5: கேன்வாஸ்

பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் படம் வரையும் பரப்புதான் கேன்வாஸ். பழைய ஏரி ஆப்லெட்டின் நேரடி வாரிசு இதுதான். படத்தை ஒரு பிக்சல் உயர வரிசைகளாக அறுத்து, ஒவ்வொரு வரிசையையும் ஒரு சைன் அலைக்கு ஏற்ப மேலும் கீழும் இடம்மாற்றி வரைவது. கரையிலிருந்து எவ்வளவு கீழே என்பதோடு அலையின் உயரத்தைப் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும், எஸ்விஜியில் கிடைக்காத அந்த ஒன்று. தண்ணீரில் நிழல்கள் மேலும் கீழுமாகத்தான் அதிகம் இழுபடும். பாலத்து விளக்கின் ஒளி ஆற்றில் தூண் மாதிரி நீளுமே, அதேதான். எனவே வரிசைகளைப் பக்கவாட்டில் தள்ளுவதைவிட இது உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும்.

விலை? நிழல் 400 பிக்சல் உயரம், நொடிக்கு 60 முறை என்றால் 24,000 வரைதல். நொடிக்கு 30 முறையாக்கி, வரிசையை இரண்டு பிக்சலாக்கினால் 6,000. பார்ப்பவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, பேட்டரிக்குத் தெரியும். திரையை விட்டு வெளியே போனதும் நிறுத்தும் குறியீட்டைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பின்னணித் தாவலில் உலாவியே நிறுத்திவிடும், ஆனால் அதே பக்கத்தில் கீழே உருட்டிப் போனவருக்கு அது பொருந்தாது.

மூலப்படத்தைச் சாதாரணப் படக் குறியாகவே வைத்து, தண்ணீரை மட்டும் கேன்வாஸில் வரையுங்கள். ஸ்கிரிப்ட் ஏறாவிட்டாலும் படம் இருக்கும், தேடுபொறிக்கும் தெரியும். ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த ஒருவர் தொடர்ந்து பக்கத்தில் இருந்தால் மட்டும் இந்த வழி. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நூறு வரியை அடுத்த ஆள் தொடப் பயப்படுவார்.

## வழி 6: வெப்ஜிஎல்

விரலால் தொட்டால் வட்டம் வட்டமாக அலை பரவ வேண்டும், சூரிய ஒளி மின்ன வேண்டும் என்றால் இது. வேறு எதற்கும் வேண்டாம். வேலை வரைகலைச் சில்லில் நடப்பதால் வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் வேறு களத்தில் (டொமைனில்) இருக்கும் படத்தை, அந்தச் சர்வர் அனுமதி தராமல், எடுக்கவே விடாது. ஒரே பக்கத்தில் பல சட்டங்கள் வைத்தால், உலாவி ஒரு எல்லைக்குமேல் பழையவற்றை அணைக்கத் தொடங்கும். ‘ரிப்பிள்’ என்று பெயர் வைத்துக் கிடைக்கும் ஆயத்த நூலகங்கள் பலவும் படத்தின் மேலேயே அலையெழுப்புபவை, படத்துக்குக் கீழே நிழல் தருபவை அல்ல. இறக்குவதற்கு முன் பாருங்கள்.

## வழி 7: சுழலும் காணொளி

அசைவும் வேண்டும், ஸ்கிரிப்ட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு. மேல்பாதி, நிழல், அலை எல்லாவற்றையும் ஒரு மென்பொருளில் செய்து சில நொடிக் காணொளியாக ஏற்றி, ஒலியின்றித் தானாக ஓடச் சொல்வது. ஐஃபோனில் 2016இன் ஐஓஎஸ் 10 முதல் இது பக்கத்துக்குள்ளேயே ஓடும். ஆனால் குறைந்த மின்சக்தி நிலையில் தானாகத் தொடங்காது, ஆகவே காணொளி ஓடாதபோது தெரிய ஒரு முகப்புப் படம் கொடுத்தே ஆக வேண்டும்.

சிக்கனமாக நினைத்து மேல்பாதியைப் படமாகவும் தண்ணீரை மட்டும் காணொளியாகவும் வைப்பார்கள். உலாவிகள் இரண்டின் நிறத்தையும் ஒரே மாதிரி காட்டும் என்று நம்ப முடியாது. கரையில் மெல்லிய நிற வேறுபாடு விழுந்துவிடும். முழுவதையும் காணொளியாக்குங்கள். அலைகள் ஒவ்வொன்றும் சுழற்சிக்குள் முழு எண்ணிக்கையில் முடிந்தால்தான் திரும்பத் தொடங்கும்போது துள்ளாது.

ஜிஃப் வேண்டாம். ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான், வானம் படிப்படியாகப் பட்டை விழும். கோப்பும் பூதமாக வீங்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | அசைவு | ஒரே சட்டத்துக்குள் | ஃபோன் சுமை | ஸ்கிரிப்ட் | எங்கே கையை விரிக்கும் |
|---|---|---|---|---|---|
| படத்திலேயே | இல்லை | ஆம் | இல்லை | வேண்டாம் | வடிவமைப்பை மாற்றும்போது |
| பாக்ஸ்-ரிஃப்ளெக்ட் | இல்லை | இல்லை, சட்டமும் தெரியும் | குறைவு | வேண்டாம் | ஃபயர்ஃபாக்ஸ், அலை |
| புரட்டிய நகல் | இல்லை | ஆம் | குறைவு | வேண்டாம் | அலை கேட்டால் |
| எஸ்விஜி, அசையாமல் | இல்லை | ஆம் | குறைவு | வேண்டாம் | குறியீட்டைக் கழற்றும் தளங்கள் |
| எஸ்விஜி, அசைந்து | உண்டு | ஆம் | அதிகம் | வேண்டாம் | பழைய ஃபோன் |
| கேன்வாஸ் | உண்டு | ஆம் | நடுத்தரம் | வேண்டும் | பராமரிக்க ஆள் இல்லாதபோது |
| வெப்ஜிஎல் | உண்டு, தொட்டாலும் | ஆம் | நடுத்தரம் | வேண்டும் | வெளிக்களப் படம், பல சட்டங்கள் |
| காணொளி | உண்டு | ஆம் | நடுத்தரம் | வேண்டாம் | படம் அடிக்கடி மாறினால் |

## யாருக்கு எது

பிளாக்கரில் பயணப் பதிவு எழுதுபவர், பதிவுக்கு ஓரிரு படம்: புரட்டிய நகலோடு அசையாத எஸ்விஜி. வார்ப்புருவில் ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்தடுத்த படங்களுக்குப் படத்தின் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். இலவச வேர்ட்பிரஸில் இருப்பவருக்குத் தேர்வே இல்லை, படத்திலேயே செய்யுங்கள். மாதமடல் அனுப்புபவருக்கும் அதேதான்.

விடுதியின் முகப்பில் ஒரே ஒரு பெரிய ஏரிப் படம், வாடிக்கையாளர் ‘அசையணும்’ என்கிறார்: காணொளி. அதை ஒப்படைத்த பிறகு உங்களைக் கூப்பிடத் தேவையே வராது. ஆனால் பருவத்துக்கு ஒருமுறை படத்தை மாற்றுவோம் என்று பேச்சு வந்தால் கேன்வாஸ் பக்கம் போங்கள், பராமரிப்புக்கும் சேர்த்து விலை பேசிக்கொள்ளுங்கள். நாற்பது படமுள்ள தொகுப்புப் பக்கத்தில் எந்த அசைவும் வேண்டாம். விரல் வைத்துத் திறக்கும் பெரிய படத்துக்கு மட்டும் நிழல் போதும்.

எந்த வழியானாலும் படத்தைத் தேர்ந்தெடுப்பது முன்னால் வரும். அடிவிளிம்பு கிடைமட்டமாக, பொருள் அந்த விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்து மைய மண்டபம் மாதிரி, தண்ணீர் தொடங்கும் கோட்டில் துல்லியமாக வெட்ட முடிகிற படம் சிறப்பு. முன்னால் புல்தரையோ படிக்கட்டோ இருந்தால் நிழலில் அவை முதலில் வந்து பொய்யைக் காட்டிக்கொடுக்கும். இடுப்பளவு மனிதப் படத்துக்குப் போட்டால் சீட்டுக்கட்டு ராஜா மாதிரி ஆகிவிடும்.

அதே தெப்பக்குளம் நீண்ட காலம் வறண்டு கிடந்து, பிள்ளைகள் உள்ளே கிரிக்கெட் ஆடியதை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்துப் படம் ஒன்று கையில் இருந்து, அதன் கீழே நெளியும் தண்ணீரைச் சேர்த்தால் பார்ப்பவர் குளம் நிறைந்திருந்தது என்றே எடுத்துக்கொள்வார். நீர்நிலைகளைப் பற்றிய கட்டுரை, செய்தி, ஆவணத் தொகுப்பு எதிலும் இந்த அலங்காரத்தைப் போடாதீர்கள். வேறு இடங்களில் போட்டாலும், தண்ணீர் உண்மையில் இல்லாத படமானால் படக்குறிப்பில் ‘நிழல் சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். படத்திலேயே செய்து வைப்பவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய கோப்பு படக்குறிப்பை விட்டுவிட்டுத் தனியாகத்தான் வாட்ஸ்அப்பில் சுற்றப் போகிறது.